சிலமலைச் செவலையும் என் தீவனக் கடையும்

ஓட்டல்காரர் கொடுத்து வச்சவரு. தின்னவனே நேர்ல வந்து குறை சொல்லிட்டுப் போயிருவான். மாட்டுத் தீவனக் கடையில தின்கிறது ஒண்ணு, குறை சொல்றது இன்னொண்ணு. போடியில தவிடும் பிண்ணாக்கும் நிறுத்துப் போட்டே தலை நரைச்சவன் நான். நீங்களும் கடை வச்சு, அடுத்தவன் வீட்டு மாட்டுக்குப் பதில் சொல்லி மாட்டிக்கிட்டவரா? அப்ப வாங்க, பக்கத்துல உக்காருங்க.

பாதிப் பிண்ணாக்கு

சிலமலை பேச்சியம்மா, விடியுமுன்ன ஜீப்பு ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போறவ. வீட்டுல ஒத்தை மாடு, செவலை. தாய்மாடு செத்துப்போக, புட்டிப்பால் குடுத்து இவளே வளத்தது. பால் ஊத்துற எடத்துல மெஷின்ல விட்டுப் பாத்துட்டு, "பால் தண்ணியா இருக்கு, இந்த மாசத்துக்குள்ள சரியாகலேன்னா எடுக்க மாட்டோம்"னு சொல்லிட்டாங்களாம். எடுக்கலேன்னா மாட்டை வித்துர்றதுன்னு அவ புருசன் ராசு முடிவே கட்டிட்டாரு. வாங்கிக்கிட்டுப் போக பொட்டிபுரத்துல அவரு தம்பி தயார். "அதை ஏத்திவிட்டுட்டு நான் எந்த மொகத்தோட தொழுவத்தப் பாப்பேண்ணே?"ன்னு கண்ணக் கசக்குனா. எனக்கே சங்கடமாப் போச்சு.

"சத்து உள்ள போனா பால் கெட்டிப்படும் தங்கச்சி"ன்னு சொல்லி, தெம்புக்கு மக்காச்சோள மாவும் தவிடும், புரதத்துக்கு எள்ளுப் பிண்ணாக்கும் கட்டிக் குடுத்தேன். ஒரு வாரம் போச்சு. பால் கெட்டிப்படவும் இல்ல, அளவும் கொறைஞ்சிருச்சு. பகல்ல மாட்டைப் பாத்துக்கிறது ராசு மாப்ளேதான். மனுசன் எள்ளுப் பிண்ணாக்கைக் கருப்பட்டியோட சேத்து அவரே கடிச்சுக்கிட்டு இருந்திருக்காரு! பேச்சியம்மா கையும் களவுமாப் பிடிச்சுட்டு நேரா என் கடைக்கு வந்தா.

"பிண்ணாக்குல பாதி மனுசனுக்குப் போயிருச்சுண்ணே. அந்தச் சத்த நான் எங்க போயிக் கறக்குறது?"

ஜீப்புல புல்லு

பச்சைப்புல் போட்டா உயிர்ச்சத்து கூடும்னு ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான். மறுநாள்ல இருந்து வேலை முடிஞ்சதும் மலையிலயே அறுத்து, கட்டுக் கட்டா ஜீப்புல ஏத்த ஆரம்பிச்சுட்டா. "மருந்தடிச்ச ஏலத்தோட்டத்துக்குள்ள அறுத்தியா?"ன்னு கேட்டேன். "எனக்குத் தெரியாதாக்கும்! ஓடை ஓரத்துல அறுத்ததுண்ணே"ன்னா. நல்லவேளை. ஆனா வெறும் பச்சையா மேஞ்சதுல செவலைக்குச் சாணி இளகிருச்சு. சோளத்தட்டையும் கலந்து போடு, காய்ஞ்ச தீனி இருந்தாத்தான் மாடு அசைபோடும், பால்ல கொழுப்பும் ஏறும்னு சொல்லி அனுப்பினேன்.

பாதி வழிக்குப் புல்லுக்குள்ளயே மூச்சு முட்டி வந்த ஜீப்பு டிரைவரு, என் கடை வாசல்ல அவளை எறக்கிவிட்டுட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாரு.

"ஏத்தா, நாளைக்கு மாட்டையே ஏத்திக் கொண்டா. அது மலையிலயே மேஞ்சுட்டு வரட்டும், ஜீப்புல இடமாவது மிஞ்சும்."

சட்டை

அடுத்த வாரம் ராசு மாப்ளே வந்தாரு. ஒரு பக்கக் கையில்லாத சட்டை. கொடியில காயப்போட்டதைச் செவலை மென்னுருச்சாம். செவரையும் நக்குதாம். தாது உப்புப் பத்தலேன்னா மாடு அப்படித்தான் செய்யும். ஒரு பை குடுத்து, தெனம் ஒரு சின்னக் கை அள்ளித் தவிட்டுல போடச் சொன்னேன். என் கடையில மூட்டை தூக்குற மாயாண்டி, ராசு மாப்ளேயை மேலயும் கீழயும் பாத்தாரு.

"மாட்டுக்கு உப்பு வாங்கியாச்சு. துணிக்கடை எதுத்தாப்புலதேன் இருக்கு, ஒரு எட்டு போயிட்டு வந்துருங்க."

செவலை கேட்டது

மாசம் முடியப் போகுது. பால் இன்னும் இறங்கிக்கிட்டேதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை கொழுந்தன் வண்டியோட வர்றான்னு சனிக்கிழமை பேச்சியம்மா வந்து அழுதா. அழுது முடிச்சுட்டு என்னைத் திட்டினா. திட்டினதுல ஞாயம் இருந்ததால மறுநாள் காலையிலேயே சிலமலைக்குக் கிளம்பிட்டேன்.

தொட்டி நிறைய என் கடைச் சரக்குதான். மாவு, தவிடு, பிண்ணாக்கு, தட்டை, ஒண்ணும் தொடாம அப்படியே கிடக்கு. கண்ணு உள்ள போயி, தோலு ஒட்டி நிக்குது செவலை. தண்ணித் தொட்டி கவுந்து கிடக்கு, அது மேல ஒரு கோழி படுத்திருக்கு. "மாப்ளே, தண்ணி காட்டலையா?"ன்னேன்.

ராசு மாப்ளே நெஞ்ச நிமித்திச் சொன்னாரு: "காலையில அரை வாளி, அம்புட்டுத்தேன் மச்சான். பால் தண்ணியா இருக்குன்னு சொன்னாங்கல்ல? உள்ள போனாத்தானே வெளிய வரும்? அன்னைக்கே கொறைச்சுட்டேன்."

இருட்டோட ஜீப்பு ஏறி, பொழுது சாஞ்சு வர்றவளுக்கு இது எப்படித் தெரியும்? தண்ணி காட்டியாச்சான்னு தெனம் கேட்டிருக்கா, காட்டியாச்சுன்னு இவரும் சொல்லியிருக்காரு. அடப் பாவி மனுசா! பால்ல முக்காவாசிக்கு மேல தண்ணிதான்யா. குடிக்காத மாடு தீனியும் தின்காது, பாலும் தராது. பேச்சியம்மா கொடத்தத் தூக்கிட்டு ஓடினா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் காட்டணும்னு நான் பிடிச்சு நிறுத்த வேண்டியதாப் போச்சு. மூணாவது வாளி முடிஞ்சு, செவலை மெதுவா மூஞ்சியத் திருப்பித் தொட்டித் தவிட்டுல வாய வச்சுச்சு. பாக்கப் பாக்க எனக்கே கண்ணு கலங்கிருச்சு.

கொழுந்தன் வண்டி வந்துச்சு, காலியாவே திரும்பிப் போச்சு. மாசம் முடியுறதுக்குள்ள பாலும் கூடுச்சு, கெட்டியும் ஆச்சு, மெஷினும் வாய மூடுச்சு. ஒரு செம்புப் பாலோட கடைக்கு வந்த பேச்சியம்மா, அதை என் கையில குடுத்துட்டுத்தான் கேட்டா.

"ஒங்க கடையில விக்கிறத எல்லாம் குடுத்தியான்னு கேட்டீகளேண்ணே, விக்காத தண்ணிய ஒரு தடவையாச்சும் கேட்டீகளா?"

இப்பல்லாம் யாரு வந்து மாட்டைக் குறை சொன்னாலும் முதல்ல தண்ணி காட்டிட்டு வாங்கன்னுதான் அனுப்புறேன், என் கெட்ட நேரம், பாதிப் பேரு திரும்பி வர்றதே இல்ல.