ஜன்னலோர இடம்

காலை தாம்பரம் பாசஞ்சரில் கூட வந்த ஒல்லியான மனிதர் அவர். பையில் எப்போதும் இரண்டு வீடுகளின் வரைபடங்கள் இருக்கும். என்னைப் போலவே திண்டிவனத்தில் ஏறி, நின்றுகொண்டே எல்லோரையும் கேட்பார்.

“வூடு இங்க திண்டிவனத்துல வாங்கினா காலைல முக்கா மணி நேரம் கூட தூங்கலாம். விழுப்புரத்துல வாங்கினா, வண்டி அங்கதான் கெளம்புது, உக்காந்துக்கினே வரலாம். எது சார் நல்லது?”

தொல்லை விட்டால் போதுமென்று, “விழுப்புரந்தாங்க” என்றேன்.

வாங்கிவிட்டார். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வந்தார். ஆனால் திண்டிவனம் வந்ததும் எழுந்துவிடுவார்.

“ஏங்க?”

“இந்த ஊரப் பாத்தா உக்கார முடியல சார். இங்கயே வாங்கியிருக்கலாமோன்னு ஒரே பேஜாரா கீது. நீங்க உக்காருங்க.”

வாசற்கம்பியைப் பிடித்தபடி தாம்பரம் வரை நிற்பார். அவர் வீடு வாங்கிப் பிடித்த ஜன்னலோர இடத்தில் நான் உட்கார்ந்து போவேன். ஒரு நாளும் எனக்குத் தூக்கம் வந்ததில்லை.