விளக்கின் மேல் வைத்த பொட்டு

செங்கம் ரோட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எடுத்த கல்யாணப் படங்களெல்லாம் நான்கு ஹார்ட் டிஸ்க் கொண்ட ஒரே பெட்டியில் இருக்கின்றன. ஒரு டிஸ்க் பழுதானாலும் மற்ற மூன்றும் படங்களைக் காப்பாற்றும். பழுதானதன் முன்னால் சிவப்பு விளக்கு எரியும்.

ஆயுத பூஜையன்று ஒவ்வொரு டிஸ்க்கின் முன்பக்கத்திலும் நானே சந்தனம், குங்குமம் வைத்தேன். பொங்கலுக்குத் தூசி தட்டும்போது, ஆல்பம் வடிவமைக்கும் செல்வி கத்தினாள்.

"அண்ணா, பொட்டத் தொடச்சா உள்ள செவப்பு லைட்டு எரியுதுங்க!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். இன்னொன்றும் போயிருந்தால் ஒரு படம்கூட மிஞ்சியிருக்காது. புது டிஸ்க் மாட்டி, எல்லா விளக்கும் பச்சையாகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

"சாமி காப்பாத்திடுச்சு" என்றேன்.

"காப்பாத்துனது சாமி, மறைச்சது நீங்கதாண்ணா" என்று சிரித்தாள்.

அடுத்த ஆயுத பூஜைக்கும் பொட்டு வைத்தேன், பெட்டியின் தலையில். கும்பிடும்போது கண்ணை மூடவில்லை. நான்கு பச்சை விளக்குகளையும் பார்த்தபடியே கும்பிட்டேன்.