கூடத்து வழியே போன ஜல்லி

எங்கள் வீட்டுக் கூடத்தின் சிவப்புச் சிமெண்டுத் தரையில், வாசற்படியிலிருந்து பின்கதவு வரை ஒரு வெள்ளைக் கீறல் ஓடுகிறது. ஒன்று என்று சொல்வதும் தப்பு; கோழி கிளறியதுபோல நூறு கீறல்கள் சேர்ந்து ஒரு தடமாகக் கிடக்கின்றன. அதைப் போட்டது என் அத்தை, நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவுக்கு அக்கா.

அனந்தபுரத்தில் புருஷன் வீடு வேண்டாம் என்று அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு செஞ்சிக்கு வந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். வந்த வாரமே பெரியவர்களைக் கூட்டிவைத்துத் தன் பங்கைக் கேட்டாள். நைனா சிரித்துக்கொண்டே பின்பக்கத் தோட்டத்தை எழுதிக் கொடுத்தார். சிரிப்புக்குக் காரணம் இருந்தது. மழை பெய்தால் மலைத் தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். முழங்கால் வரை சேறு. மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள். எங்கள் கூடத்தைத் தவிர உள்ளே போக வழி கிடையாது, அந்த வழியைப் பற்றித் தாளில் ஒரு வரிகூட இல்லை. பத்து நாளில் அக்கா திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்திருந்தார்.

அத்தை ஜல்லிக்குச் சொல்லிவிட்டாள். கையிலிருந்த வளையல் மறுநாள் இல்லை. கல்லுடைக்கும் கிரஷரிலிருந்து டிராக்டர் வந்து இரண்டு லோடு ஜல்லியை வாசலில் கவிழ்த்துவிட்டுப் போனது. சேற்றை மேடாக்கி, அதன்மேல் தனக்கென்று ஓர் அறை போட்டுக்கொள்ள வேண்டும். கூலியாட்களைக் கூடத்துக்குள் விடமாட்டேன் என்றார் நைனா. அக்காவை அப்படிச் சொல்ல முடியவில்லை. புடவையைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்து, இரும்புச் சட்டியில் அவளே சுமந்தாள். “மலையில கல்லு கொறஞ்சா இந்த அக்காவைத்தான் புடிக்கணும்” என்பார் எதிர்க்கடை பாய், தினமும் ஒரு டீயை அனுப்பிவைத்துக்கொண்டே.

மூன்றாம் நாள் நைனா சாய்வு நாற்காலியைக் கூடத்தின் குறுக்கே போட்டு, பேப்பரை விரித்துக்கொண்டார். அத்தை சட்டியோடு வந்து எதிரே நின்றாள்.

“நடக்க வழி உடுறேன்னு நான் எங்கியும் எழுதலியேக்கா.”

“நான் தவழ்ந்த கூடம்டா இது. இதுல நடக்கறதுக்கு இன்னா பத்திரம் வேணும்? காலைத் தூக்கு, கல்லு வருது.”

அவர் காலைத் தூக்கவில்லை. அவள் சட்டியை இறக்கவில்லை. கழுத்து நரம்பு துடித்தது, வியர்வை பேப்பரில் சொட்டியது. அதுவரை நைனாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத அம்மா, அடுப்படியிலிருந்து வந்தாள். “எழுந்திருங்க. அண்ணி தலையில பாரம் நிக்குது” என்றாள். நைனா எழுந்தார். அம்மா நாற்காலியை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனாள்.

ஐந்தாம் நாள் அத்தைக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அப்போதும் விடவில்லை. சாக்கில் ஜல்லியை வாரித் தரையோடு இழுத்தாள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். சாக்கின் ஓட்டை வழியாகக் கல் தரையைப் பிறாண்டிய சத்தத்தில் பல் கூசியது. தரை போச்சே என்று கத்தினார் நைனா. “தரை உன்னுது. நீயே வச்சிக்கோ” என்றாள்.

கொஞ்சம் கெஞ்சியிருந்தால் நைனா வழி விட்டிருப்பார் என்று இப்போதும் தோன்றுகிறது. ஆனால் கெஞ்சி வாங்கிய வழியில் தினமும் கெஞ்சிக்கொண்டேதான் நடக்க வேண்டும். அது அத்தைக்குத் தெரியும். அந்த வருஷ மழைக்குத் தோட்டத்தில் தண்ணீர் நிற்கவில்லை. அறை எழும்பியது. கடைசிவரை அங்கேதான் இருந்தாள்; போகும்போது அதை என் பெயருக்கு எழுதிவிட்டுப் போனாள்.

நைனாவும் இப்போது இல்லை. போன மாதம் அண்ணன், கூடத்துக்கு டைல்ஸ் போட ஆளைக் கூட்டி வந்தான். பேச்சோடு பேச்சாக, பின்பக்கத்தைத் தனக்கே விட்டுக்கொடுத்துவிடச் சொன்னான். “வச்சிக்கினு இன்னா பண்ணப்போற? உன் எடத்துக்கு வழி எங்க இருக்குது?” அப்படியே நைனாவின் சிரிப்பு.

“கீழ பாருண்ணா” என்றேன். “நீ அதுமேலதான் நிக்கிற.”

அண்ணன் குனிந்து பார்த்தான். பிறகு ஓரடி தள்ளி நின்றான்.