கிழமை சொல்லத் தெரியாத பவி

தாய்மாமன்களுக்கே வாய் கொஞ்சம் நீளம். அதுவும் தங்கை மகளைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றால் கேட்கவே வேண்டாம். போன தை மாதம், சிதம்பரத்தில் என் தங்கை வசந்தி வீட்டு ஹாலில் உட்கார்ந்து நான் அடித்துவிட்ட ஒரு பொய்யை இந்த வாரம் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வசந்திக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் அனிதா, கல்யாணப் பெண். இளையவள் பவிக்குப் பதினாறு வயது. பவிக்கு ஆட்டிசம். பேச்சு குறைவு. சத்தம் ஜாஸ்தியானால் காதைப் பொத்திக்கொண்டு ரூமுக்குள் ஓடிவிடுவாள். அக்கா என்றால் உயிர்.

மாப்பிள்ளை வீட்டார் கடலூர்க்காரர்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் முடிந்தது. கதவோரம் நின்ற பவியைப் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா, "சின்னப் பாப்பா இன்னா பண்ணுது?" என்றார்.

பத்தாவது படிக்கிறாள் என்று சொல்லியிருந்தால் முடிந்தது கதை. ஆனால் நான் யார்? ஆட்டிசம் உள்ள பிரபலங்களின் சாதனைகளைப் பற்றி இதே பக்கத்தில் எழுதியவன் ஆயிற்றே! ஒரு பேராசிரியை, ஒரு ஓவியர், ஒரு நடிகர்... எல்லாரும் ஊர் உலகம் கொண்டாடுகிற ஆட்கள். எழுதும்போது எனக்கே மெய்சிலிர்த்துப் போனது. அந்த ஜோர் இன்னும் இறங்கவில்லை. எடுத்துவிட்டேன்.

"இவளுக்கு ஆட்டிசம் சார். ஆனா மூளை இருக்கு பாருங்க... கம்ப்யூட்டர்! நீங்க பொறந்த தேதியைச் சொன்னா கிழமையைச் சொல்லிடுவா."

பாவி மனுஷன் — உடனே சொல்லிவிட்டார். தேதி, மாதம், வருஷம்!

அத்தனை பேரும் பவியைத் திரும்பிப் பார்த்தார்கள். பவி என்னைப் பார்த்தாள். "சொல்லும்மா... தெரியும்ல? சொல்லு" என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். அவள் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். எனக்கு அந்த நாற்காலியில் உட்காரவே கூசியது.

அனிதாதான் எழுந்தாள். "அங்கிள், எந் தங்கச்சிக்கு அதெல்லாம் தெரியாது. மாமா சும்மா அளக்குறாரு. அவளுக்குச் சத்தம் ஆவாது, அவ்ளோதான். ஆனா என் கல்யாணத்துல அவ எம் பக்கத்துல நிக்கணும். நான் கேக்குறது அது ஒண்ணுதான்."

சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன். மாப்பிள்ளையின் அம்மாதான் சிரித்தார். "எனக்குந்தான் கிழமை தெரியாது. எதுக்கும் காலண்டரைத்தான் போயி பாப்பேன். அதுக்கு இன்னா இப்ப?"

அப்பாடா! நிச்சயமாகிவிட்டது.

ஆனால் சிக்கல் அதற்குப் பிறகுதான். மகன் கல்யாணத்தைக் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம் மலைக்கோயிலில் நடத்துவதாக அந்த அம்மாவுக்கு வேண்டுதல். முகூர்த்த நாளில் அந்த மலைக்குப் போயிருக்கிறீர்களா? ஒரு கல்யாணமா, இரண்டு கல்யாணமா? பக்கத்துக்குப் பக்கத்தில் மணமக்கள். இங்கே கெட்டிமேளம் ஓய்வதற்குள் அங்கே கெட்டிமேளம். நமக்கே காது அடைத்துவிடும். பவி என்ன செய்வாள்?

"அவளை வூட்லயே வச்சுக்கலாம்ணே. நான் கூட இருந்துக்கறேன்" என்றாள் வசந்தி. பெற்ற மகளின் கல்யாணத்துக்கு அம்மா வராமலா?

அனிதா ஒத்துக்கொள்ளவில்லை. போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். "மாமா, அவுங்கல்லாம் இன்னா சாதிச்சாங்கன்னு எழுதுனீங்க. எப்படிச் சமாளிச்சாங்கன்னு எழுதலியே? நான் தேடித் தேடிப் படிச்சேன்."

படித்துப் பார்த்தேன். புது இடத்துக்குப் போவதென்றால் முன்கூட்டியே ஒருமுறை போய்ப் பழகிக்கொள்கிறவர் ஒருவர். கூட்டத்தில் சத்தத்தைக் குறைக்கும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்கிறவர் ஒருவர். கூடவே ஒரு அம்மா, ஒரு டீச்சர், ஒரு சிநேகிதர் என்று யாராவது இருந்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள் பரிசு வாங்கிய போட்டோ மட்டும்தான் கண்ணில் பட்டிருந்தது. பத்தி எழுதியது நான், உருப்படியாகப் படித்தது அவள்!

அப்புறமென்ன... ஞாயிற்றுக்கிழமைதோறும் சிதம்பரத்திலிருந்து பஸ். பவிக்கு அதே ஜன்னல் சீட். கடலூரில் நானும் சேர்ந்துகொள்வேன். முதல் வாரம் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரும் இழுக்கவில்லை, திரும்பிவிட்டோம். இரண்டாவது வாரம் மண்டபம் வரை வந்தாள். மூன்றாவது வாரம் மாப்பிள்ளையே வந்துவிட்டார். செல்போனில் மேளச் சத்தத்தை மெதுவாக வைத்து, "போதுமா பவி? இன்னும் கொஞ்சம் ஏத்தட்டா?" என்று அவர் கேட்க, ஹெட்ஃபோனும் தலையுமாக நின்ற பவி, 'கொஞ்சம்' என்று விரலால் காட்டினாள். தங்கமான பிள்ளை, அந்த மாப்பிள்ளை.

வைகாசி முகூர்த்தம். மலையில் தலைக்குமேல் கூட்டம். பட்டுப்பாவாடை, ஹெட்ஃபோன் சகிதம் அக்காவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் பவி. "போட்டோவுல நல்லா இருக்காதே... இன்னாத்துக்கு அது?" என்று முனகினார் ஒரு சொந்தக்காரர். சம்பந்தியம்மா முறைத்த முறைப்பில் அவர் நேராகப் பந்திக்கே போய்விட்டார்.

கெட்டிமேளம். தாலி ஏறியது. அனிதா பொலபொலவென்று அழுதுவிட்டாள். கல்யாணப் பெண்கள் அழுகிற வழக்கமான அழுகைதான். பவிக்கு அது எப்படித் தெரியும்? சத்தம் தாங்காமல்தான் அக்கா அழுகிறாள் என்று நினைத்துவிட்டாள்.

சட்டென்று தன் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். தலைப்பூவெல்லாம் நசுங்க அக்காவுக்கு மாட்டிவிட்டாள். "இப்ப கேக்காதுக்கா" என்றாள். அப்புறம் தன் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். சுற்றிலும் மேளம் முழங்குகிறது... அவள் ஓடவில்லை.

அந்த இடத்தில் கண்ணைத் துடைக்காமல் நின்றவர் வீடியோகாரர் ஒருவர்தான். பாவம், அவருக்கு இரண்டு கையிலும் கேமரா.