நெட்டுக்குப்பத்தில் நான் அணைத்த ஏழு டிவிகள்

வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரத்திலேயே ஒரே அழுத்தலில் ஏழு வீட்டு டிவியை நிறுத்தியவன் நான். ஃபைபர் லைன் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

மீனவர் ஊரான நெட்டுக்குப்பத்திலிருந்து கம்ப்ளெயின்ட்: நெட் வரவில்லை. போய்ப் பார்த்தால் மோடத்தில் பச்சை விளக்கு ஜம்மென்று எரிகிறது, ஸ்பீடும் சரி. விஷயம் வேறு. கம்ப்ளெயின்ட் கொடுத்த கலையரசி அக்காவின் கணவர் மணி அண்ணன் ஒரு வெப் சீரிஸில் படகோட்டியாக நடித்திருக்கிறார். அதெல்லாம் கப்சா என்று சம்பந்தி வீட்டார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்களாம். அன்று நாலு மணிக்கு அவர்களே பார்க்க வருகிறார்கள். அக்காவுக்கு மானப் பிரச்சினை.

“மொத சீசன் என் ஆப்ல கீது, நைனா. இவரு வர்றது ரெண்டாவது சீசன். அது வேற ஆப்பாம். கிரிக்கெட்டு ஒண்ணுல, சீரியலு ஒண்ணுல, இவரு மூஞ்சி ஒண்ணுல. இன்னா பேஜாரு இது?”

அந்த வேறு ஆப்பும் அக்காவின் டிவியில் இருந்தது, எதிர்வீட்டு டில்லி அண்ணன் கணக்கில். திறந்தேன். ‘ஒரே நேரத்தில் இரண்டு திரைதான்’ என்றது. கீழேயே ‘எல்லா டிவைஸிலிருந்தும் வெளியேறு’ என்று ஒரு பட்டன். டிப்ளமோ படித்த கை சும்மா இருக்குமா? அழுத்திவிட்டேன். அக்காவின் டிவியும் சேர்ந்தே வெளியேறியது.

முதலில் படம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு வீட்டார் வந்தார்கள். பின்னாலேயே, தங்கள் டிவியையும் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவர்கள். அவர்கள் திட்டியதிலிருந்துதான் எனக்கு விளங்கியது. கழிமுகத்தில் யார் எந்த நாள் எங்கே வலை போடுவது என்று அவர்களுக்குள் ஒரு முறை உண்டு. அதற்குப் பெயர் பாடு. வீட்டுக்கு வீடு எல்லா ஆப்புக்கும் பணம் கட்ட முடியாதென்று, ஆளுக்கொரு ஆப் வாங்கிப் பகிர்ந்துகொண்டு, பார்ப்பதற்கும் மணிவாரியாகப் பாடு வைத்திருந்தார்கள். நாலு மணி அக்காவின் பாடு. நான் அழுத்தியபோது மூன்றரை. அரை மணி பொறுத்திருந்தால் தானாகத் திறந்திருக்கும்.

இனி உள்ளே போக ஓடிபி வேண்டும். அது டில்லி அண்ணன் போனுக்கு வரும். அவரோ இறால் பிடிக்கப் போயிருந்தார், போன் ஆஃப்.

சம்பந்தி வீட்டார் சரியாக நாலுக்கு வந்து, இருண்ட டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். சம்பந்தியம்மா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மோடமே அணைந்திருக்கும்.

மணி அண்ணன் எழுந்தார். “டிவி ஓடலன்னா இன்னா? நட்ச்சவன் இங்கதான கீறேன்.”

துடைப்பம் துடுப்பானது. வெள்ளத்தில் தப்பிக்கும் ஹீரோவாக என்னைத் தரையில் உட்காரவைத்து, கூடத்தின் குறுக்கே ‘கரை’ சேர்த்தார். இரண்டே வசனம்தான். சம்பந்தியம்மா மூன்று முறை செய்யச் சொன்னார். மூன்று முறையும் நான் நனைந்தவன்போல் நடுங்கினேன்.

ஆறு மணிக்கு டில்லி அண்ணன் வந்து ஓடிபி சொன்னார். காட்சியில் மணி அண்ணனின் முதுகு மட்டும் நான்கு நொடி வந்தது. குரல் வேறு யாருடையதோ.

“முதுவு அவர்துதான்,” என்று சம்பந்தியம்மா தீர்ப்புச் சொன்னார். “ஆனா வூட்ல ஓட்னதுதான் சோக்கா இருந்துச்சு.”

இப்போதெல்லாம் எந்த வீட்டில் ரிமோட்டைத் தொடும் முன்னும் நான் ஸ்பீடு பார்ப்பதில்லை. முதலில் கேட்டுவிடுகிறேன்: “இப்ப யாரு பாடு, அக்கா?”