சிஐடியின் குங்கிலிய மரம்

செய்தி வந்தபோது மணி மூன்று. நாற்றுப் பண்ணையில் ஜீப் கழுவிக்கொண்டிருந்த டிரைவரிடம், வனக்காவலரான அவனுடைய அக்காள் கணவர் ஆற்றோரம் உட்கார்ந்தபடியே போய்விட்டார் என்றார்கள். மாரடைப்பு. சட்டைப்பையில் ஒரு குறடு இருந்ததாம். எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை.

அவரை எல்லோரும் சிஐடி என்றுதான் கூப்பிடுவார்கள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பார். நாலடி போய்த் திரும்பி வந்து மறுபடி இழுப்பார். அந்தச் சந்தேகம் சும்மா வந்ததல்ல. பிசின் திருடுகிறவர்கள் பட்டையைக் கீறி, அடியில் தீ மூட்டி, அந்த மழைக்காட்டின் குங்கிலிய மரங்களை ஒவ்வொன்றாகக் கொன்றிருந்தார்கள். காய்க்கிற மரமென்று மிஞ்சியது ஒன்றே ஒன்று. டிரைவர் புது போன் வாங்கிய அன்று, "காசு ஏதுடா மாப்ள?" என்று கேட்டவர், அதற்குப் பிறகு அவன் ஜீப்பில் ஏறவே இல்லை.

பல வருடம் கழித்து அந்த மரம் இந்த முறை காய்த்திருந்தது. விதை விழுந்த ஈரத்தோடு விதைத்தால்தான் முளைக்கும். காரியம் முடிந்த கையோடு, புதிதாக வந்திருந்த பண்ணை மேற்பார்வையாளர் டிரைவரை விரட்டினார்: "ஆத்தோரம், எண் பலகை அடிச்ச மரம். சீக்கிரம் போப்பா, காஞ்சா எல்லாம் போச்சு."

ஜீப் நிற்கும் இடத்தைத் தாண்டி அவன் காட்டுக்குள் போனது அதுதான் முதல் தடவை. பலகை இருந்தது. கீழே ஒரு காய் இல்லை. பட்டையை நகத்தால் கீறி முகர்ந்தான். பிசின் வாசமே இல்லை.

நேராக அக்கா வீட்டுக்குப் போனான்.

"மாமா பலகையக் கழட்டி வேற மரத்துல அடிச்சுட்டாராக்கா?"

அரிசி களைந்துகொண்டிருந்த அக்காவின் கை நிற்கவில்லை. "உன்னை யாரு கேட்டுட்டு வரச் சொன்னா?"

"விதை வீணாப் போகுதுக்கா."

"திருட வர்றவனும் இதையேதான் சொல்லுவான்."

"நான் உன் கூடப்பொறந்தவன்!"

"தெரியும். யாருக்குச் சொல்லக் கூடாதுன்னு உம்பேரைத்தான் அவரு மொதல்ல சொன்னாரு."

அவன், "இது இங்கயே இருக்கட்டும்" என்று போனை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டான். அவள் அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வீட்டைப் பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள். நாலடி வந்தவள் திரும்பிப் போய் மறுபடி இழுத்தாள்.

"முன்னால நட. வழி நான் சொல்றேன். திரும்பிப் பாக்காத."

ஆற்றைக் கடந்து, மதியத்திலும் வெளிச்சம் இறங்காத ஓடைச்சரிவில் ஏறினார்கள். ஓரிடத்தில் அவள் "நில்லு" என்றாள். காலடியில் ஈரச் சருகுக்குள் காய்கள் கொட்டிக் கிடந்தன. சில வேர் விட்டிருந்தன. அவள் குந்தி உட்கார்ந்து, அவன் கொண்டுவந்திருந்த நனைத்த சாக்கின் வாயை விரித்து அவன் பக்கம் நீட்டினாள்.

சாக்கு நிறைந்து நிமிர்ந்தபோதுதான் அவன் மரத்தின் அடியைப் பார்த்தான். பலகை இருந்ததற்கு அடையாளமே தெரியாமல் செய்யப் பார்த்திருக்கிறார் மாமா. மேலே இருந்த இரண்டு ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டையைக் களிமண்ணால் மூடியிருந்தார். கீழே இருந்த இரண்டும், அவர் பையிலிருந்த குறடு வந்து சேராமல், மரத்திலேயே இருந்தன.