மச்சான் சுமந்த கல்

வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் நான்கு பேர் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு மலை இறங்குவோம். கல்லுக்கு ஊதாப் புடவை சுற்றியிருக்கும். மூங்கில் கழியில் கம்பளியை ஏணை மாதிரி கட்டி, அதற்குள் கல்லைக் கிடத்துவோம். முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், தோள் மாற்ற இரண்டு பேர். இதை எங்கள் பக்கம் டோலி என்போம். நடக்க முடியாதவர்களை ஜீப் வரும் இடம் வரைக்கும் இப்படித்தான் கொண்டு போவது. கல்லை யாரும் கொண்டு போக மாட்டார்கள். என் மச்சான் கொண்டு போனான்.

மச்சான் என் பெண்சாதிக்கு அண்ணன். என்னைவிட இரண்டு மாதம் மூத்தவன். ஒன்றாக மாடு மேய்த்தோம், அதனால் அவன் இவன் என்றுதான் பேச்சு. எங்கள் ஊர் வெள்ளிமலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்போது ரோடு கிடையாது. ஒன்றரை மணி நேரம் ஒற்றையடிப் பாதையில் இறங்கினால்தான் ஜீப். அவன் பெண்சாதிக்குத் தலைப்பிரசவ வலி வந்த அன்று கழி தேடவே நேரம் போயிற்று. கிடைத்த கழி பாதி வழியில், கடுக்காய் மரத்து வளைவில், முறிந்தது. இன்னொன்று வெட்டிக்கொண்டு வருவதற்குள் தாயும் போனாள், வயிற்றில் இருந்ததும் போனது. முறிந்தபோது கழி என் தோளில்தான் இருந்தது.

அவன் அழவில்லை. காரியம் முடிந்த மறு வாரம் ஓடையில் இறங்கிக் கல் புரட்டிக்கொண்டிருந்தான். ஒன்றைத் தூக்கிப் பார்ப்பான், கீழே போடுவான், வேறொன்றைத் தூக்குவான். கடைசியில் ஒரு கல்லைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். "இவ்ளோ கனம் தான் இருந்தா" என்றான். அந்தக் கல்லுக்கு அவளுடைய புடவையைச் சுற்றினான்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் கல்லோடு இறங்கி ஏறினோம். முதலில் வேகத்துக்காக. பிறகு கண்ணில் துண்டு கட்டிக்கொண்டு. மழை மாதத்தில் எங்கள் மலையில் பட்டப்பகலில் மூடுபனி இறங்கும். முன்னால் போகிறவன் முதுகு தெரியாது. அப்படிப்பட்ட நாளில்தான் வலி வரும் என்பான். எந்த இடத்தில் வேர் நீட்டியிருக்கிறது, எந்தப் பாறை வழுக்கும் என்பதெல்லாம் எங்கள் காலுக்கே தெரிந்து போனது.

ஊருக்கு இது பிடிக்கவில்லை. வெற்று டோலி மலை ஏறக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஏறினால் ஊருக்குள் வந்து ஆள் கேட்கும். டோலி திரும்பும்போது ஒரு மூட்டையாவது அதில் இருக்க வேண்டும். அவன் கல்லோடு ஏறியதால் குற்றம் சொல்ல முடியவில்லை, கேலி பேசினார்கள். "இன்னாப்பா, கல்லுக்கு எத்தினி மாசம்?" என்று ஒருவன் கேட்டான். "ஒம்போது ஆவுது. நீ வந்து ஒரு தோள் குடு" என்றான் மச்சான். கேட்டவன் நகர்ந்துவிட்டான்.

கேலியைத் தாங்கலாம். அந்த வளைவைத்தான் தாங்க முடியாது. ஒவ்வொரு முறையும் அங்கே டோலியை இறக்கி வைக்கச் சொல்வான். கல்லின் பக்கம் குனிந்து, "இரு, வந்துட்டோம்" என்பான். பிறகு பதிலுக்குக் காத்திருப்பவன் போல் அப்படியே இருப்பான். மற்ற மூன்று பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்போம்.

என் பெண்சாதி முழுகாமல் இருந்தபோது அவன் கழியைக் கொண்டு வந்து எங்கள் வீட்டுக் கூரை இறவாணத்தில் சொருகினான். கல்லை வாசல் ஓரம் வைத்தான். என் பெண்சாதி கவலைப்படவில்லை. "அண்ணி தான, இருக்கட்டும்" என்றாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. புள்ளத்தாச்சி இருக்கும் வீட்டில் டோலிக் கழி இருப்பது வாவென்று அழைப்பது போல என்று என் அம்மா தினமும் சொன்னாள். மச்சான் கரும்பு வெட்டக் கச்சிராயபாளையம் பக்கம் இறங்கிய நாளில், நான் கழியைத் துண்டு போட்டு அடுப்பில் வைத்தேன். கல்லைப் புடவையோடு ஓடையில் உருட்டிவிட்டேன். அவன் திரும்பி வந்தான். இறவாணத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தன் வீட்டுக்கு நடந்தான். இரண்டு அடி அடித்திருக்கலாம்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் காலையில் மழை விட்டு மூடுபனி இறங்கியது. கஞ்சி குடித்துக்கொண்டிருந்த என் பெண்சாதி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்தாள். மாதம் நிறைந்திருந்தது. நான் மச்சான் வீட்டுக்கு ஓடினேன். கழி இல்லை என்றேன்.

"தெரியும். சோறு நல்லா வெந்துச்சா?" என்றான்.

பனிக்குள் போனான். திரும்பியபோது தோளில் ஒரு கழி, கையில் கயிறும் கம்பளியும். ஊருக்கு மேலே பாறை இடுக்கில் வைத்திருந்திருக்கிறான். கட்டிக்கொண்டே சொன்னான்: "நீ இப்டி பண்ணுவன்னு தெரியும் மாப்ள. அதுக்குத்தான் ரெண்டு வெட்னேன்."

தோள் மாற்றுகிற இரண்டு பேரும் முன்னால் நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மச்சான் கழியின் முன் முனையைத் தூக்கினான், நான் பின் முனையை. எனக்குப் பின்னால் யாரும் இல்லை. பனியில் கழியின் மறு முனை தெரியவில்லை. கண்ணைத் திறந்தும் மூடியும் பார்த்தேன், இரண்டும் ஒன்றுதான். காலை நம்பி நடந்தேன். ஏணைக்குள் அவள் முனகிக்கொண்டே வந்தாள். அந்த முனகல் கேட்கிற வரைக்கும் எனக்குத் தைரியம் இருந்தது.

வளைவை நெருங்கும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஈரச் சருகில் வெறுங்கால். நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. அப்போது முன்னாலிருந்து, திரும்பாமலே, மச்சான் பேசினான்.

"பின்னாடி பாக்காத மாப்ள. அவ தான் வரா. வரட்டும்."

ஏணைக்குள் முனகல் நின்றது. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். நின்று பார்க்க முடியாது, நின்றால் வழுக்கும் இடம் அது. பத்து அடி, பதினைந்து அடி. பிறகு அவள் தெளிவாக, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல, "சரி அண்ணி" என்றாள். மச்சான் அன்று வளைவில் நிற்கவில்லை. அங்கே நிற்காமல் போனது அதுதான் முதல் தடவை.

ஜீப் கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போன கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை. இரண்டு உயிரும் பிழைத்தன. வெளியே டீக்கடையில் நின்றபோது, நிஜமாகவே வந்தது அவன் பெண்சாதிதானா என்று கேட்டேன். மச்சான் டீயை ஊதினான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல. நீ திரும்பினா கால் வழுக்கும், அதான் சொன்னேன்."

நான் திரும்பப் போனது அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. அவன் சொல்வதற்கு முன்பே அந்தக் காலடி என் காதில் விழுந்தது என்றும் சொல்லவில்லை. பெண்சாதியிடம் கேட்டால், வழியில் பேசினதாகவே ஞாபகம் இல்லை என்கிறாள்.

நான் அதிகம் படிக்காதவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கஷ்டம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். கஷ்டம் வரும்போது கூட இருக்கிறவன் என்ன முட்டாள்தனம் செய்திருப்பான் என்பதையும் சேர்த்து யோசித்து வைத்தவன் மச்சான் ஒருத்தன்தான். அவனுக்கு என்மேல் கோபம் இருந்ததில்லை. என்னையும் மழை மாதிரி, பனி மாதிரி எடுத்துக்கொண்டான்.

அவன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. காய்ச்சல். இப்போது ஊருக்குத் தார் ரோடு வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வாசல் வரைக்கும் வரும். பெருமழை பெய்தால் ரோட்டில் மண் சரியும், அன்று வராது. அன்று பிறந்த பெண்ணைக் கச்சிராயபாளையத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கீழேயே இரு, ஆஸ்பத்திரி பக்கம் என்று சொல்லிப் பார்த்தேன். தாய்வீடுதான் வேண்டும் என்றுவிட்டாள். நான் இரண்டு கழி வெட்டினேன். ஒன்றை இறவாணத்தில் சொருகினேன். மருமகன் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு மாமா வூட்ல இது?" என்று கேட்டார். காயட்டும் என்றேன்.

நேற்றுக் காலை இறவாணம் காலியாக இருந்தது. யாரையும் கேட்கவில்லை. கஞ்சி குடித்துவிட்டுப் பாறைப் பக்கம் ஏறினேன். அந்த இடுக்கு எனக்கும் மச்சானுக்கும் மட்டும்தான் தெரியும். நான் ஒளித்து வைத்த இன்னொரு கழி அங்கேயே இருந்தது. செல் அரிக்காமல் இருக்க அதற்கு வேப்பெண்ணெய் தடவ வேண்டும். இந்த வாரம் தடவலாம் என்று விட்டிருந்தேன்.

தொட்டுப் பார்த்தேன். கையில் எண்ணெய் ஒட்டியது.